புறவாசல் இல்லாதவர்களின் கோழி

கோழியைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று தோழர்கள் சிரிக்கக்கூடும். நாங்களும் முதலில் சிரித்தோம். ஒரு குடியிருப்பில் நடந்த சிறு சம்பவம் எங்களைப் பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. புரட்டப் புரட்டச் சிரிப்பு போய்விட்டது.

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நாங்கள் வேலை செய்யும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒருநாள் காலை உள்ளாட்சி ஊழியர்கள் இருவர் வந்து, கோழிகளால் தொல்லை என்று புகார் வந்திருக்கிறது, மூன்று நாளில் எல்லாக் கோழிகளையும் அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. புகார் கொடுத்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனி. அந்தக் காலனியிலும் கோழி உண்டு. ஆனால் அங்கே சுற்றுச்சுவர் உண்டு, வீட்டுக்குப் பின்னால் புறவாசல் உண்டு, புறவாசலில் வலையடித்த கூடு உண்டு. இந்தப் பக்கம் வீடும் வீடும் ஒட்டி நிற்கின்றன. கதவைத் திறந்தால் தெரு. பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி போவதற்குத் தெருவைத் தவிர வேறு இடம் இல்லை.

அங்கிருந்த ஓர் அக்கா ஊழியரிடம் கேட்டார்: "கோழி தொல்லைன்னு சொல்லுதீய சார். எங்க வாசல்ல சாக்கடை ஓடுதே, அத நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

அவர்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

கல்லும் வெண்கலமும் சொல்லும் கோழி

நம் மாவட்டத்திலேயே தொடங்கலாம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வு செய்தபோது, முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பொருட்களும் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் எருமை, ஆடு ஆகிய உருவங்களோடு சேவலும் இருக்கிறது. செத்தவரோடு சேவலையும் சேர்த்துப் புதைத்த மக்கள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கோழி இழிவான பறவையாக இருந்திருக்க முடியாது.

வடக்கே விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும் செங்கல்பட்டுப் பக்கம் இந்தளூரிலும் சண்டைச் சேவலுக்கு நடப்பட்ட நடுகற்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 1500 ஆண்டுப் பழமை கொண்டவை. அரசலாபுரத்துக் கல் மேற்சேரியின் கோழியைச் சொல்கிறது. இந்தளூர்க் கல் கீழ்ச்சேரியின் கோழியைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: பொற்கொற்றி. இங்கே 'சேரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அன்று அது ஊரின் ஒரு பகுதியைக் குறித்த பொதுச்சொல். மேற்சேரி, கீழ்ச்சேரி என்று மக்கள் சேர்ந்து வாழ்ந்த இடங்கள். பின்னால் அந்தச் சொல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டு நம் தலையில் வைக்கப்பட்டது. சேரிக் கோழிக்குக் கல் நட்ட நாட்டில் சேரிக் கோழியைப் பிடித்துப் போக வண்டி வரும் நிலை எப்படி வந்தது?

தொட்டால், பார்த்தால், சிறகடித்தால்

வீட்டுக் கோழிக்கு எதிராக எழுதப்பட்ட பழைய விதி ஒன்று மனுஸ்மிருதியில் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் இருபிறப்பாளர்கள் உண்ணக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றோடு ஊர்ப்பன்றியும் ஊர்க்கோழியும் அதில் வருகின்றன. காட்டில் திரிவதை அல்ல, ஊரில் திரிவதைக் குறிப்பாகச் சொல்கிறது. மனிதக் குடியிருப்பில் மேய்வது அசுத்தம் என்பது அதன் கணக்கு.

மூன்றாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையானது. சிராத்தத்தில் பார்ப்பனர் உண்ணும்போது யாருடைய பார்வை படக்கூடாது என்று ஒரு வரிசை: சண்டாளர், ஊர்ப்பன்றி, சேவல், நாய், மாதவிடாயில் இருக்கும் பெண், அலி எனப்பட்டோர். அடுத்து, எது எதனால் தீட்டாகும் என்ற விளக்கம்: பன்றி மோப்பத்தால், சேவல் சிறகுக் காற்றால், நாய் பார்வையால், கீழ் வர்ணத்தில் பிறந்தவர் தொடுகையால்.

நம்மையும் கோழியையும் ஒரே வரியில் வைத்த சட்டம் இது. பத்தாம் அத்தியாயம், சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்களுடைய சொத்தாக இருக்க வேண்டும் என்கிறது. யார் எங்கே குடியிருக்கலாம், யார் எந்தப் பிராணியை வைத்துக்கொள்ளலாம் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. இன்றைய மொழியில் சொன்னால் முதலாவது நகரமைப்பு விதி, இரண்டாவது பிராணி வளர்ப்பு விதி. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் இந்த நூல் எரிக்கப்பட்டதற்கான காரணங்களைப் படிக்கும் மாணவர்கள் இந்தப் பகுதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எழுதாத சட்டங்கள்

மனுவைப் படித்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்? படிக்காமலேயே அமல்படுத்தியவர்கள் நிறையப் பேர். 1930 டிசம்பரில் நம் பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. சட்டை கூடாது. குடை, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்று ஆயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பவையும் அவற்றில் அடக்கம்.

ஜே. எச். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சாதி பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தடைகளை மீறியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதியிருக்கிறார். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடு முதலான கால்நடைகளைக் கொள்ளையடித்தார்கள். நிலம் இல்லாதவர்களிடம் நடமாடும் சொத்தாக இருந்தது அது ஒன்றுதான். அதனால் அடி அதன்மேல் விழுந்தது.

தென் மாவட்ட ஊர்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். நாய்க்கும் சாதி பார்த்த ஊரில் கோழிக்கு மட்டும் விலக்கு இருக்குமா? மேல்தெருவுக்குள் போன சேரிக் கோழி திரும்பி வந்தால்தான் நம்முடையது என்று எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தேடிப் போகவும் முடியாது, கேட்கவும் முடியாது.

1995 ஆகஸ்ட் 31 அன்று நம் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் காவல்துறை வீடு வீடாகப் புகுந்து உடைமைகளை நொறுக்கியதும் இதே வரலாற்றின் தொடர்ச்சிதான். சேர்த்து வைத்த சொத்து அங்கே குறியாக இருந்தது.

நகராட்சி வந்தது, 'தொல்லை' வந்தது

தூத்துக்குடி நகராட்சி 1866இல் உருவானது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்த அடுத்த ஆண்டு. காலரா அஞ்சிய காலம். சாக்கடை, குப்பை, இறைச்சிக் கூடம், சுடுகாடு, கால்நடை என எல்லாவற்றுக்கும் விதிகள் எழுதப்பட்டன. அந்த விதிகளில் நல்லவையும் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. சுத்தமான குடிநீர் நமக்கும் வேண்டும்.

ஆனால் விதியை எழுதியவர்கள் யார்? காலனிய ஆட்சி முழுவதும் நகராட்சி வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே இருந்தது. நகரத்தைக் கூட்டி அள்ளியவர்கள் நம் மக்கள். எது அசுத்தம் என்று முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

1919ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம் சொல்வதைப் பாருங்கள். ஆணையர் அனுமதி இல்லாமல் பன்றி வளர்க்கக் கூடாது. எந்தப் பிராணியையும் பிறருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ வளர்க்கக் கூடாது. எந்தப் பிராணிக்கும் மலக்கழிவைத் தீனியாகக் கொடுக்கக் கூடாது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இதே காலத்தில், இதே வார்ப்பில் வந்தது. சட்டத்தில் சாதிப் பெயர் கிடையாது. கோழியின் பெயர்கூடக் கிடையாது. 'எந்தப் பிராணியும்' என்பதற்குள் கோழி வருகிறது.

மொத்தப் பிரச்சினையும் 'தொல்லை' என்ற சொல்லில் இருக்கிறது. எத்தனை கோழி, எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட கூடு என்று அளவு சொல்லும் விதியை யாரும் படித்துப் பார்த்துப் பின்பற்றலாம். தொல்லை என்பதற்கு அளவு இல்லை. புகார் கொடுப்பவரின் காதும் மூக்கும்தான் அளவுகோல். சுற்றுச்சுவருக்குள் கொக்கரித்தால் அது நாட்டுக்கோழி, ஆரோக்கியம், பாரம்பரியம். தெருவில் கொக்கரித்தால் தொல்லை. கோழி ஒன்றுதான். அதைச் சுற்றி இருக்கும் நிலம்தான் வேறு. அந்த நிலம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. சாதிப் பெயர் இல்லாத விதி சாதியின்படி விழுவது இப்படித்தான்.

அந்த அளவுகோலை நம் ஊரிலேயே இன்னொரு இடத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக ஸ்டெர்லைட் ஆலை 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலை தொடர்ந்து ஓடவும் அனுமதித்தது. 2018 மே 22 அன்று அதை மூடச் சொல்லித் திரண்ட மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 உயிர்கள் போயின. ஆலைக்குக் கிடைத்த ஆண்டுகள் எத்தனை, கோழிக்குக் கிடைத்த நாட்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சாமிக்கு வெட்டிய கோழி

சட்டம் பறவையை நேரடியாகப் பெயர் சொல்லிப் பிடித்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டம். கோயிலிலும் கோயில் வளாகத்திலும் பலியிடுவதைத் தடுத்த இந்தச் சட்டம் பெரும்பாலும் ஏட்டில் உறங்கியது. 2003 ஆகஸ்டில் அன்றைய அ.தி.மு.க. அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடத்தும் நம் பகுதியில் இதன் பொருள் என்ன? பெரிய கோயில்களின் பூசையில் எதுவும் மாறவில்லை. சேவல் நேர்ந்துவிட்டவர்களின் கோயில் வழிபாடு குற்றமானது. எதிர்ப்பு கிளம்பியது. 2004 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன், அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

பலியிடலை ஆதரிக்க வேண்டுமா என்பதில் நம் தோழர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பௌத்தம் தழுவியவர்களுக்கு அது உடன்பாடில்லை. அந்த விவாதம் நமக்குள் நடக்கட்டும். யாருடைய சாமி நாகரிகமானது என்று அரசாணை முடிவு செய்யக் கூடாது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அந்த உத்தரவு திரும்பியது, மக்கள் கேட்டதால்.

கடலுக்கு அப்பால் ஒரு கோழி

1740இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், அதற்கு முந்தைய ஆண்டு நடந்த அடிமைகளின் கிளர்ச்சிக்குப் பிறகு, ஒரு சட்டம் வந்தது. அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் குதிரை, மாடு, ஆடு, பன்றி வளர்க்கக் கூடாது என்றது. பட்டியலில் கோழி இல்லை. எஜமானர்களின் கண்ணுக்கு அது சொத்தாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் கறுப்பினப் பெண்கள் கோழி வளர்த்தார்கள், முட்டை விற்றார்கள், காசு சேர்த்தார்கள். விடுதலைக்குப் பிறகும் கோழி அவர்களுக்குக் கைகொடுத்தது. அதே கோழியை வைத்தே வெள்ளையர்கள் அவர்களைக் கேலிச் சித்திரம் வரைந்தார்கள், கோழித் திருடர்கள் என்று பழி போட்டார்கள். வாழ வைத்த பிராணியையே வசைச்சொல்லாக மாற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. பன்றி வளர்த்த நம் மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு கையில் கொடுத்து

அரசு கோழியை எப்படிப் பார்க்கிறது? பல விதமாகப் பார்க்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொடுக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தலைக்கு 50 குஞ்சு என்றுகூடத் திட்டம் வந்தது. பேரிடர் நிவாரண விதிகளில் செத்த கோழி ஒன்றுக்கு 100 ரூபாய் என்று இழப்பீடு இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி நம் மாவட்டமே மூழ்கியபோது கோழிக்கூடுகளோடு அடித்துச் செல்லப்பட்ட வீடுகள் எத்தனையோ. ஆக ஒரு துறைக்குக் கோழி வாழ்வாதாரம். இன்னொரு துறைக்கு இழப்பீட்டுக்கு உரிய சொத்து. உள்ளாட்சிக்கு மட்டும் அது தொல்லை.

உப்பளத்தில் வேலை ஆண்டு முழுவதும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கினால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், கூலி நிற்கும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசே அறிவிக்க வேண்டிய அளவுக்கு அந்த மாதங்கள் வறண்டவை. அப்போது ஒரு விடைக்கோழியை விற்றால் ஒரு வாரம் அரிசி வாங்கலாம். பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம். அந்தக் காசு புருஷன் கைக்குப் போகாமல் பெண்ணின் சுருக்குப்பையில் இருக்கும். மூன்று நாளில் அப்புறப்படுத்து என்பதற்கு, மூன்று நாளில் உன் சேமிப்பை மலிவு விலைக்கு விற்றுவிடு என்று பொருள்.

என்ன கேட்க வேண்டும்?

நாம் விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானதிலிருந்து கோழி நோய் மனிதருக்கும் ஆபத்து என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகள் தூங்கும் அறையில் கோழி அடைவது நல்லதல்ல. அதனால்தான் கூட்டுக்கு இடம் கேட்கிறோம். வீட்டுக் கோழியையும் தொழிற்பண்ணையையும் பிரித்துப் பார்க்க அரசுக்குத் தெரியாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோழிப்பண்ணை நெறிமுறைகள் 5,000 பறவைகளுக்கு மேல் உள்ள பண்ணைகளையே அனுமதி பெறச் சொல்கின்றன. பத்துக் கோழி வைத்திருக்கும் அக்கா அந்தக் கணக்கில் இல்லை.

சட்டத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 'தொல்லை' என்ற சொல் இருபுறமும் வெட்டும். மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரில் திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பொதுத்தொல்லைப் பிரிவான 133இன் கீழ் நகராட்சிக்கு எதிராகவே வழக்குப் போட்டார்கள். பணம் இல்லை என்றது நகராட்சி. பணம் இல்லை என்பது சாக்கு ஆகாது, சாக்கடை கட்டு என்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அந்தப் பிரிவு இன்று புதிய நடைமுறைச் சட்டத்தில் 152ஆக இருக்கிறது. "சாக்கடையை நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்ல" என்ற அக்காவின் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. அதே உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் குப்பை வழக்கு ஒன்றில், ஆக்கிரமித்தவருக்கு மாற்றிடம் கொடுப்பது பிக்பாக்கெட்காரருக்குப் பரிசு கொடுப்பதுபோல என்றும் சொன்னது. ஆகவே எந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு யார் முதலில் போகிறார்கள் என்பது முக்கியம்.

இன்று நகரங்களுக்கு 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. 1866இல் இல்லாத நாற்காலி இன்று நமக்கு உண்டு. இடஒதுக்கீட்டில் வென்ற நம் உறுப்பினர்கள் மன்றங்களில் இருக்கிறார்கள். ஊராட்சி என்றால் ஆண்டுக்கு ஆறு கிராமசபை. அங்கே கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, தொல்லை என்று பொதுவாகச் சொல்லாமல் இத்தனை கோழி, இப்படிப்பட்ட கூடு என்று எண்ணிக்கையோடு விதி. இரண்டு, எழுத்தில் நோட்டீஸ், போதுமான கால அவகாசம், பதில் சொல்ல வாய்ப்பு. மூன்று, புறவாசல் இல்லாத குடியிருப்புகளுக்குக் கோழிக்கூடு வைக்கப் பொது இடம். புதிதாகக் கட்டும் தொகுப்பு வீடுகளில் இதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். நான்கு, ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நம் தெருவுக்குள் வர வேண்டும்.

அந்தக் குடியிருப்பில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெண்கள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். உத்தரவை எழுத்தில் தாருங்கள் என்ற முதல் வரிக்கே ஊழியர்கள் பின்வாங்கினார்கள். பிடித்துப் போகும் வண்டி வரவில்லை. தடுப்பூசி போட ஆள் வந்தார். பொது இடம் கேட்ட மனு இன்னும் மேசையில் இருக்கிறது. சாக்கடை அப்படியே ஓடுகிறது.

அடுத்த மனு சாக்கடைக்கு. அதை எழுதுவதற்குச் சட்டம் படிக்கும் மாணவத் தோழர்கள் இரண்டு பேர் வேண்டும். வாருங்கள்.

ஜெய்பீம்.